பழைய புத்தகமும் பழைய உரிமமும்

பழைய புத்தகக் கடையில் நாம் எதை வாங்குகிறோம் என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. ஓரம் மடிந்த பக்கங்கள், முன்னவர் இட்ட அடிக்கோடுகள், முகப்பில் ஒரு கையெழுத்து எல்லாவற்றோடும் அந்தப் பிரதி நம்முடையதாகிவிடுகிறது. பதிப்பித்தவர் பின்னொரு நாள் வந்து அதைத் திருப்பிக் கேட்க இயலாது. இதே மனப்பழக்கத்தோடு இணையத்தில் பழைய மென்பொருள் உரிமங்களை வாங்கப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சிற்றிதழ் நடத்தும் நண்பர்கள், ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும் மாணவர்கள், தம் நூலைத் தாமே வடிவமைக்க முனைவோர் என நம் வட்டத்தில் அத்தகையோர் பலர். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மென்பொருள் சில நூறு ரூபாய்க்கு 'ஒரிஜினல் லைசென்ஸ்' என்று கிடைக்கும்போது கை நீள்வது இயல்புதான். ஆனால் அங்கே விற்கப்படுவது புத்தகம் போன்றதொரு பொருள் அன்று.

பழைய புத்தகத்தை விற்கும் உரிமைகூட நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்ட ஒன்றுதான். 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அதன் அமெரிக்கப் பதிப்பகம் புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. மேசிஸ் கடையினர் அதை 89 சென்ட்டுக்கு விற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை விற்றுவிட்ட பிரதியின் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்தப் பதிப்புரிமை இடம் தராது என்று 1908இல் தீர்ப்பாயிற்று.

மென்பொருளின் கதை வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் தம் நிரலை விற்பதாகச் சொல்வதில்லை. பயன்படுத்த அனுமதி தருவதாகவே சொல்கின்றன. நாம் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று சொடுக்கிக் கடந்துவிடும் அந்த நீண்ட ஒப்பந்தத்தின் சாரம் அதுதான். அதன் விளைவைத் திமோதி வெர்னர் என்ற அமெரிக்கர் அனுபவித்தார். ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்திடமிருந்து ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பிரதிகளை 2007இல் வாங்கி, ஈபே தளத்தில் விற்க முனைந்தார். அவை திருட்டுப் பிரதிகள் அல்ல. ஆட்டோடெஸ்க் நிறுவனமே வெளியிட்ட வட்டுகள். ஆனால் அந்த அலுவலகம் புதிய பதிப்பைச் சலுகை விலையில் பெற்றபோது, பழையதை அழித்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தது. கீழ் நீதிமன்றம் வெர்னர் பக்கம் நின்றது. 2010 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அலுவலகம் அனுமதி பெற்ற பயனர் மட்டுமே, பிரதியின் உரிமையாளர் அன்று; தன்னிடம் இல்லாததை அது எப்படி விற்க இயலும்? வட்டு அசல்தான், பெட்டியும் அசல்தான். ஆயினும் விற்பனை செல்லவில்லை.

இரண்டாம் கை உரிமம் என்றாலே குற்றம் என்று நான் வாதிடவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று, யூஸ்டுசாஃப்ட், ஆரக்கிள் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. விலை பெற்றுக்கொண்டு காலவரையின்றி அளித்த உரிமத்தை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்றது. ஆனால் விற்பவர் தம் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி நீக்கிவிட வேண்டும். பலருக்கான கூட்டு உரிமத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கக் கூடாது. அதே நீதிமன்றம் 2019 டிசம்பரில், பழைய மின்னூல்களைப் பதிப்புரிமையாளரின் இசைவின்றி இணையத்தில் விற்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டம் இலக்கிய நூல்களில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. கணினி நிரலின் பிரதியை விற்கும் உரிமையைச் சொல்லுமிடத்தில் அந்த வாசகம் இல்லை. மீறல் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவதை 63பி பிரிவு தண்டனைக்குரியதாக்குகிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்குக் கையில் வருவது என்ன? பெரும்பாலும் மின்னஞ்சலில் ஒரு 'கீ', அதாவது 25 எழுத்துகளும் எண்களும். அது ஒரு கணினியோடு சேர்த்து விற்கப்பட்டு அதற்கு மட்டுமே உரியதாக இருக்கலாம். ஏதோ ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காகப் பெற்ற கூட்டு உரிமத்தின் எண்ணாக இருந்து, நம்மைப் போல் நூறு பேருக்கு விற்கப்பட்டிருக்கலாம். திருடிய கடன் அட்டையால் வாங்கியதாகவும் இருக்கலாம். நிறுவும்போது அந்த எண் ஏற்கப்பட்டுவிட்டது என்பது எதற்கும் சான்றாகாது. பூட்டு திறந்ததாலேயே வீடு நமதாகிவிடுமா? சில மாதங்கள் கழித்து நிறுவனம் அந்த எண்ணை முடக்கும்போது, விற்ற கடை பெயர் மாற்றிக்கொண்டு வேறெங்கோ இருக்கும்.

இதைவிடக் கொடியது, 'ஆயுட்காலக் கணக்கு' என்று பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்த்து விற்பது. முன்பின் அறியாத ஒரு கல்லூரியின் அல்லது நிறுவனத்தின் பெயரில் திறக்கப்பட்ட கணக்காக அது இருக்கக்கூடும். அதன் நிர்வாகி நினைத்தால் கடவுச்சொல்லை மாற்றலாம், கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், கணக்கையே அழித்துவிடலாம். ஐந்தாண்டு உழைத்துச் சேர்த்த களஆய்வுக் குறிப்புகளை, அச்சேறாத ஒரு நாவலின் ஒரே பிரதியை, யாரென்றே தெரியாத ஒருவரின் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவரிடமே கொடுப்பதற்கு ஒப்பானது இது. மென்பொருள் போனால் வேறொன்று வாங்கலாம். எழுத்து போனால் எங்கே போய் வாங்குவது?

நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. 2012இல் வந்த சிஎஸ்6 தொகுப்புக்குப் பிறகு அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. ஆண்டுக்கு நான்கு இதழ் கொண்டுவரவே கடன் வாங்கும் ஒருவரால் மாதாமாதம் வாடகை கட்ட இயலுமா? அவர் பழைய உரிமத்தைத் தேடி அலைவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் அவரைக் காப்பாற்றாது.

வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் வாங்கியவரின் ரசீதைக் கேளுங்கள். உரிமத்தை மாற்றித்தர ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பாருங்கள். தருமென்றால் நிறுவனத்தின் பதிவேட்டிலேயே பெயரை மாற்றித்தரச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றுவாரானால் விலகிவிடுங்கள். எழுதுவதற்கு மட்டும் என்றால் இத்தனை தேடலும் தேவையில்லை. லிப்ரே ஆபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஒருங்குறித் தமிழில் கட்டுரையும் ஆய்வேடும் எழுத அது போதும். மலிவாக வாங்கிய ஐயத்திற்குரிய உரிமத்தைவிட, தெளிந்த உரிமத்தோடு இலவசமாகத் தரப்படுவதே எழுதுகிறவருக்குப் பாதுகாப்பு.