ஆட்டத்துக்கு டிக்கெட்டா?

ஜப்பானின் ஷிகோகு தீவில் தொகுஷிமா என்றொரு நகரம். ஆகஸ்டு 12 முதல் 15 வரை அந்நகரத் தெருக்களில் 'அவா ஒடோரி' நடனம் அமர்க்களப்படும். மூன்று தந்தி ஷாமிசென், குழல், முரசு, சேகண்டி எல்லாம் இரட்டைத் தாளத்தில் முழங்கும். பெண்கள் மடித்த வைக்கோல் தொப்பியும் மரச் செருப்புமாக நுனிக்காலில் வருவார்கள். ஆண்கள் குனிந்து, முழங்கால் மடக்கி ஆடுவார்கள். குழந்தை குட்டிகளும் உண்டு. ஆடத் தெரியாதவர்கள் சேரவும் தனிக் குழு இருக்கிறது!

இந்த விழாவுக்கு 2018-ல் சோதனை வந்தது. காரணம், கடன். பல குழுக்கள் ஒன்றுகூடி ஆடும் 'சோ ஒடோரி' ஓரிடத்துக்கே கூட்டத்தை இழுக்கிறது, மற்ற ஆடுகளங்களில் டிக்கெட் விற்கவில்லை என்று மேயர் தலைமையிலான விழாக் குழு அதை நிறுத்திவிட்டது.

கடனை அடைக்கத்தான் வேண்டும். மறுப்பார் யார்? அதற்காக விழாவின் உச்சத்தையே வெட்டுவதா? கல்யாணச் செலவு அதிகம் என்று தாலி கட்டுவதை நிறுத்துவார் உண்டோ?

ஆட்டக்காரர்கள் பணியவில்லை. ஆகஸ்டு 13 இரவு, தடையையும் மீறி, திறந்த தெருவில் திரண்டு சோ ஒடோரி ஆடினார்கள். பார்க்க வந்த ஜனங்கள் இருபுறமும் நெருக்கியடித்து நின்றார்கள்.