நாலு சக்கர இழுவையா, நல்ல டயரா?

காய்கறியும் பழமும் சந்தைக்கு ஏற்றிப் போகச் சொந்தமாகப் பிக்கப் வண்டி வாங்கும் சிறு விவசாயிகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வாங்கப் போகிறவர்களில் சிலர், "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக எடுத்துவிட்டால் மழைக்காலத்தில் கவலை இல்லையே?" என்று கேட்கிறார்கள். கடன் வாங்கி வண்டி எடுப்பவர்கள் அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சமவெளியில் இருக்கும் பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. அவர்களுக்குத் தேவை நல்ல டயர்.

எஞ்சின் எத்தனை சக்கரத்தைச் சுற்றினாலும் மண்ணைப் பிடிப்பது டயர்தான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், அந்த மண் டயர் பட்டனின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு புது டயரையும் மொட்டை டயராக்கிவிடும். தார்ச்சாலை டயரோடு அதில் இறங்கினால் இரண்டு சக்கரம் வழுக்குகிற இடத்தில் நாலு சக்கரம் வழுக்கும், அவ்வளவுதான். சாதாரண டிபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் சுற்ற ஆரம்பித்தால், கெட்டித் தரையில் நிற்கும் மறுபக்கச் சக்கரம் சும்மா நிற்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டும் இப்படிச் சுற்றினால் நாலு சக்கர இழுவை வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொன்று, சுமை இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் லேசானது. அதனால்தான் சந்தைக்குப் போகும்போது சிக்காத வண்டி, காலியாகத் திரும்பும்போது அதே இடத்தில் சிக்கிக்கொள்கிறது. பின் அச்சுக்கு மேலே நாலைந்து மூட்டை மணலை அசையாமல் வைத்துக் கட்டினால் பாதிக் கஷ்டம் தீரும்.

டயர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வண்டி ஓடும் வழியில் தார் எத்தனை கிலோமீட்டர், மண் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். 40 கிலோமீட்டர் தாரும் 1 கிலோமீட்டர் வண்டிப்பாதையும் ஓடுகிற வண்டிக்குப் பெரிய கட்டை கட்டையான சேற்று டயர் வீண். அது சேற்றை உதறித் தள்ளும், உண்மைதான். ஆனால் தாரில் சீக்கிரம் தேயும், இரையும், ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் தள்ளிப் போய் நிற்கும். இரண்டுக்கும் நடுவான பட்டன் உள்ள டயர் போதும். டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து உள்ள சுமை எண்ணைப் பார்க்க வேண்டும். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 112 என்றால் 1120 கிலோ. கார் டயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிக்கப்பில் மாட்டுவது வெடிப்பதற்கு வழி. செய்த காலத்தையும் நாலு இலக்கத்தில் போட்டிருப்பார்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் பட்டன் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்கவே கூடாது.

மலைக்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்கள், ஆற்று மணலைக் கடந்து போக வேண்டியவர்கள் விஷயம் வேறு. செங்குத்தான ஈர மண் ஏற்றத்தில் நாலு சக்கர இழுவைக்கு ஈடு இல்லை. அவர்கள் வாங்கட்டும், ஆனால் பயன்படுத்தும் முறையைத் தெரிந்து வாங்கட்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலைப்பாதைதானே என்று அந்தத் தார்ச்சாலையில் நாலு சக்கரத்தையும் பூட்டிக்கொண்டு ஏறக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பிக்கப்பில் வழக்கமாக உள்ள அமைப்பு இரண்டு அச்சையும் ஒரே வேகத்தில் சுற்றும். மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் அதற்கு வழியில்லாததால் ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், கியர்பெட்டி முறுக்கேறிச் செலவு வைக்கும். தாரில் இரண்டு, மண்ணில் நாலு. சேற்றில் இறங்கும் முன்பே நாலில் போடுங்கள், சிக்கிய பிறகு அல்ல. நாலு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஏறுவதற்குத்தான் அது உதவும். பிரேக் தூரத்தை அது குறைக்காது என்பதையும் ஓட்டுகிற பையனிடம் சொல்லி வையுங்கள்.

சமவெளிக்காரர்களுக்கு ஒரு யோசனை. ஒரே வண்டிப்பாதையை நம்பி இருக்கும் பத்து விவசாயிகள் சேர்ந்து, தண்ணீர் நிற்கும் இரண்டு மூன்று பள்ளங்களில் கிராவல் கொட்டி, ஓரத்தில் வடிகால் வெட்டிவிட்டால் பத்து வண்டிக்கும் பயன். ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிட வேண்டும். தக்காளி அழுகிக்கொண்டிருக்கும்போது கூட்டம் போட்டுப் பேச முடியாது.

அப்படியும் சிக்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள், அச்சு வரை புதையும். சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டி, தென்னை மட்டையோ சாக்கோ போட்டு மெதுவாக எடுங்கள். டயரில் 10 பவுண்டு காற்று இறக்கினால் பிடிப்பு கூடும். ஆனால் சுமையோடு அப்படியே சாலையில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். கைப்பம்பு ஒன்று வண்டியில் இருந்தால்தான் காற்றை இறக்க வேண்டும். டிராக்டர் வைத்து இழுத்தால் கயிற்றைப் பம்பரில் கட்டாமல் சட்டத்தில் உள்ள கொக்கியில் கட்டுங்கள். கயிறு அறுந்தால் எட்டாத தூரத்துக்கு ஆட்களை விலக்கி நிறுத்துங்கள்.