காயம் எங்கே?

1972ல் மராட்டியத்துத் தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஓர் ஆதிவாசிப் பெண்ணைக் கெடுத்ததாகப் போலீஸ்காரர் இருவர்மீது வழக்கு. பயந்து அடங்குவது வேறு, சம்மதம் வேறு என்று கண்டு ஐகோர்ட்டு தண்டித்தது. அப்பீலிலோ, 1978ல், அவள் உடம்பில் காயமில்லை என்பதைப் பெரிய காரணமாக்கி சுப்ரீம் கோர்ட்டு இருவரையும் விட்டுவிட்டது.

தோழர்களே! கத்திகாட்டி உங்கள் பணப்பையைப் பறித்தவன், "இவர் மேலே கீறலே இல்லை, ஆகையால் தானமாகத்தான் கொடுத்தார்" என்றால் எந்த ஜட்ஜாவது ஒப்புவாரா? பணத்துக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயமா? பதிவிரதைப் புராணத்தில் ஊறிய மூளைக்குத்தான் இது பொருந்தும்!

1979ல் சட்ட ஆசிரியர் நால்வர் பிரதம நீதிபதிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். ஊரெங்கும் பெண்கள் கிளம்பினார்கள். 1983ல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் புணர்ச்சி ருஜுவாகி, "சம்மதிக்கவில்லை" என்று அவள் கோர்ட்டில் சொன்னால், சம்மதமில்லை என்றே கொள்ளவேண்டும். எதிர்த்துப் போராடாதது மாத்திரமே சம்மதமாகாது என்று சட்டத்தில் எழுத 2013 வரை ஆயிற்று. விடுதலையான இருவரும் விடுதலையானவர்களே.