மூணு கோடு போட்டா மோட்சமா?

பொட்டி தட்டுற நம்மாளுங்க கிட்ட ஒரு மந்திரம் உண்டு. "ஜாவாஸ்க்ரிப்ட்ல == பாவம், === புண்ணியம்." இன்டர்வியூல கேட்டா கண்ணை மூடிட்டு ஒப்பிப்போம். நானும் ஒப்பிச்சவன்தான்.

மந்திரத்துல பாதி உண்மை இருக்கு. 1995-ல நெட்ஸ்கேப்புல பிரெண்டன் ஐக் உருவாக்கின மொழி இது. இதுல == ரெண்டு பக்கமும் வேற வேற வகையா இருந்தா தானே மாத்திக்கிட்டு ஒப்பிடும். அதனால '' == 0 சரி, '0' == 0 சரி, ஆனா '' == '0' தப்பு! 1999-ல வந்த ஈசிஎம்ஏஸ்க்ரிப்ட் மூணாம் பதிப்புல === சேர்ந்துச்சு. அது வகையை மாத்தாது.

இப்ப எங்கூர் கதை. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு செக்கிங் கணக்கு எழுதினேன். ஒவ்வொரு பண்டலுக்கும் "ரிஜெக்ட் எத்தனை பீஸ்"னு ஒரு கட்டம். ரிஜெக்ட் == 0ன்னா பேக்கிங்குக்குப் போகலாம். கட்டம் காலியா இருந்தா? இன்னும் செக்கிங்கே ஆகலைன்னு அர்த்தம். என் புரோகிராமுக்கு ரெண்டும் ஒண்ணு! ஓட்டை விழுந்த பீஸைக் கையில வச்சுக்கிட்டு ஒரு அக்கா கேட்டாங்க: "ஏனுங்க தம்பி, பாக்காததும் பழுதில்லாததும் ஒண்ணுங்களா?"

உடனே === போட்டேன். கட்டத்துல அடிக்கிறது ஸ்ட்ரிங்காத்தானே வரும்? '0' === 0 தப்பு. நல்ல பண்டல் ஒண்ணுகூட நகரலை. சரி, நம்பர்() போட்டு மாத்துனா காலிக் கட்டமும் 0 ஆயிருச்சு. சுத்திச் சுத்தி அதே குட்டை.

கடைசியில தீர்த்தது மூணு கோடு இல்லீங்க. முதல்ல காலியான்னு பாரு, அப்புறம் எண்ணா மாத்து, அதுக்கப்புறம் ஒப்பிடு. அவ்வளவுதான். யோசிக்க வேண்டிய இடத்துல மந்திரம் சொன்னா இப்படித்தான் ஆகும்.

இங்க ஷேடு பாக்குறவங்க லைட் பாக்ஸ்ல டி65ல ஒருக்கா, டிஎல்84ல ஒருக்கா வச்சுப் பாப்பாங்க. ஒரு வெளிச்சத்துல ஒண்ணாத் தெரியற ரெண்டு துணி இன்னொண்ணுல பல்லிளிக்கும். "சமமா?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "எந்த வெளிச்சத்துல?"ன்னு கேக்கணும்னு சாயத்துணி பாக்குறவங்களுக்குத் தெரியுது. இன்ஜினியரிங் படிச்ச நமக்குத்தான் தெரியலை.

டிஸ்கி: === மேல இன்னும் பக்தி இருந்தா "கொங்கு"ன்னு ரெண்டு விதமா அடிச்சுப் பாருங்க. "கொ"வோட கொம்பும் காலும் ஒரே யூனிகோடு குறியீடா ஒண்ணு, தனித்தனிக் குறியீடா ஒண்ணு. கண்ணுக்கு ஒண்ணுதான்; === இல்லைங்கும். நார்மலைஸ்() போட்டாத்தான் ஒத்துக்கும். கும்முறவங்க பின்னூட்டத்துல கும்மலாம் :)