மடையில் நின்ற பிள்ளை

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் இன்று சிட்கோ தொழிற்பேட்டையாலும் பின்னலாடைக் கல்லூரியாலும் அறியப்படுகிறது. விடியற்காலையில் அங்கே கேட்பது ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வண்டிகளின் ஓசை. 1950-களில் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் அதே நேரத்தில் கேட்டது கவலை உருளையின் ஓசை.

இரண்டு எருதுகளைப் பூட்டிக் கிணற்று நீரை இறைப்பதே கவலை. எருதுகள் சரிவில் இறங்கினால் தோல் சால் நீருடன் மேலேறும். அவை பின்வாங்கி ஏறினால் வெறுஞ்சால் கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுபவர் வடக்கயிற்றின்மேல் அமர்ந்து தம் எடையையும் எருதுகளுக்குத் துணையாகத் தருவார். கருக்கலில் தொடங்கினால் வெயில் ஏறும் வரை அவர் அந்தச் சரிவை விட்டு நகர இயலாது. நீர் எந்தப் பாத்திக்குப் பாய்கிறது என்று பார்க்க வேறோர் ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த ஆளுக்கு வயது எட்டோ பத்தோதான்.

மடை மாற்றுவது எளிய வேலைபோலத் தோன்றும். பாத்தி நிறைந்ததும் அதன் மடையை மண்ணிட்டு அடைத்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். முந்தி அடைத்தால் கடைசி வரிசைப் பயிர் காயும். தூங்கி வழிந்தால் வரப்பு உடைந்து, எருதுகள் மூச்சுவாங்க இறைத்த நீர் வீணாகும். பிள்ளை சரியாகச் செய்கிறதா என்று தந்தை வந்து பார்க்க வழியில்லை. "சாமி, மடையைப் பார்த்துக்கொள்" என்பதோடு அவர் பேச்சு முடிந்தது. (பெற்ற பிள்ளையைச் 'சாமி' என்றழைப்பது கொங்கு நாட்டுக்கே உரிய அழகு.) தன் காலில் நிற்பதை அங்கே எவரும் பாடமாக நடத்தவில்லை. ஆள் போதாத வீட்டில் அந்தச் சிறு கை உண்மையாகவே தேவைப்பட்டது. அது பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

பொறுப்பு வயதுக்கேற்ப வந்தது. முதலில் ஓர் ஆட்டுக்குட்டி பிள்ளையின் பெயரில் விடப்படும். அது பெருகினால் பிள்ளைக்கு வரவு. நாய் கடித்து இறந்தால் பிள்ளைக்கே இழப்பு. பிறகு கன்று, அதன் பிறகே மாடு. ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் கந்தத்திலும் இதே வரிசைதான். கண்ணனும் பலராமனும் முதலில் கன்றுகளை மட்டுமே ஓட்டிச் செல்கிறார்கள். வயது ஐந்தைக் கடந்த பின்னரே பசுக்கள் அவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. வடநாட்டில் தீபாவளிக்குப் பின்வரும் வளர்பிறை அஷ்டமியை, கண்ணன் ஆயனான அந்த நாளாகக் கருதி, கோபாஷ்டமி என்று கொண்டாடுகிறார்கள்.

அனுப்பிய தாயின் மனத்தைப் பெரியாழ்வார் அறிந்திருந்தார். அவருடைய திருமொழியில் மூன்றாம் பத்தின் இரண்டாம் பதிகம் முழுவதும் யசோதையின் புலம்பல்: குடையும் செருப்பும் கொடுக்காமல் குழந்தையைக் கன்றுகளின் பின்னே காட்டுக்கு அனுப்பிவிட்டேனே என்று மாய்ந்துபோகிறாள். அடுத்த பதிகத்தில் மகன் திரும்பி வருகிறான். நாளை முதல் போகாதே, வீட்டிலேயே இரு என்று கெஞ்சுகிறாள். அதற்கடுத்த பதிகத்தில் பார்த்தால், அவன் மயிற்பீலிக் குடைகள் சூழ ஆநிரைகளோடு வந்துகொண்டிருக்கிறான்!

இந்தப் பழமையை முழுவதும் பொற்காலமாகப் பேசுவது நேர்மையாகாது. அதே தோட்டத்தில் பண்ணையாள் வீட்டுச் சிறுவனும் ஆடு மேய்த்தான். ஆடு அவனுடையதன்று, குட்டியும் அவனுடையதன்று. பள்ளிக்கூடத்தின் பக்கம் போகவும் வழியில்லை. தோட்டக்காரரின் பிள்ளைக்கு வளர்ப்பாக அமைந்த வேலை அவனுக்கு விலங்காக அமைந்தது. தம்பியை இடுப்பில் சுமந்தபடியே படிப்பை விட்ட பெண் குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். பின்னாளில் பனியன் கம்பெனிகளில் கைமடிக்கச் சென்ற சிறுவர்களின் நிலையும் அதுவே. பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுப்பது வேறு, பிள்ளையின் உழைப்பை விற்பது வேறு.

1932-இல் தொடங்கிய பைகாரா மின்சாரத்தைத் தொடர்ந்து மின்மோட்டார்கள் தோட்டங்களுக்கு வந்தன. கவலைகள் மெல்ல நின்றன. நிலத்திலிருந்து வந்தவர்கள் பலர் திருப்பூரில் தொழிலாளராகச் சேர்ந்து, பின் முதலாளிகளாயினர். அவர்களைப் பற்றி ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் எழுதிய நூல் 2004-இல் வெளிவந்தது. எப்படி முன்னேறினீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விடை 'உழைப்பு' என்பதாம். மூலதனம், உறவு, சாதி ஆகியவற்றின் துணையையும் அந்நூல் மறைக்கவில்லை.

அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று மடை இல்லை, மாடும் இல்லை. மாடி வீட்டில் ஒரு துளசித் தொட்டிக்கு இடமிருக்கும். அதைப் பேரனுக்கோ பேத்திக்கோ உரியதென்று விட்டுவிடலாம். நீர் ஊற்றுவது, பூச்சி பார்ப்பது, பூங்கொத்தைக் கிள்ளிவிடுவது எல்லாம் அந்தக் குழந்தையின் பாடு. இரண்டு நாள் மறந்து செடி தலை சாயும்போது பாட்டி யாரும் அறியாமல் ஒரு செம்பு நீர் ஊற்றிவிடக் கூடாது. இதுதான் மிகவும் கடினம். சுவாமிக்குச் சாத்த வேண்டிய துளசிக்கு அவர் இன்னொரு தொட்டியைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.