குறிப்பறியும் கல்வி

‘குறிப்பு’ என்றவுடன் மாணவர்க்கு நினைவில் எழுவது யாது? வகுப்பில் எழுதிக்கொள்ளும் குறிப்பு. தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டும் பாடக்குறிப்பு. சுருக்கி எழுதப்பட்டது என்பதே இன்று இச்சொல்லின் முதன்மைப் பொருளாகிவிட்டது. ஆனால், வெளிப்படையாகச் சொல்லப்படாமல் உள்ளே தங்கியிருக்கும் பொருளும் குறிப்பே. அப்பொருளை நாம் இழந்துவிடலாகாது.

தமிழ் இலக்கணம் குறிப்புக்குத் தனியிடம் தந்துள்ளது. பொருள் உணர்த்தும் முறையால் சொற்களை வெளிப்படை, குறிப்பு என நன்னூல் பகுக்கிறது. ‘வந்தான்’ என்னும் தெரிநிலை வினைமுற்றில் காலம் வெளிப்படையாகத் தெரிகிறது. ‘நல்லன்’ என்னும் குறிப்பு வினைமுற்றில் அதை நாமே உய்த்துணர வேண்டும். திருக்குறளின் 133 அதிகாரங்களுள் இருமுறை இடம்பெறும் ஒரே பெயர் ‘குறிப்பறிதல்’. பொருட்பாலில் 71ஆம் அதிகாரமாகவும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாகவும் அது அமைந்துள்ளது. ஆட்சிக்கும் அன்புக்கும் ஒருங்கே வேண்டிய அறிவு இது என்பது இதனால் விளங்கும்.

அன்றாடப் பேச்சிலும் குறிப்பு உண்டு. விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்பர். உறவு தொடரும் என்பது அதன் குறிப்பு. ‘வானம் இருட்டிக்கொண்டு வருகிறதே’ என்று பாட்டி சொன்னால், கொடியில் காயும் துணிகளை எடுத்துவரச் சொல்கிறார் என்று பொருள்.

எதையும் நேராகச் சொல்வதே நல்லது, குறிப்பு குழப்பம் தரும் என்பார் உளர். மருந்துச் சீட்டும் சட்டமும் ஐயமற இருத்தல் வேண்டும் என்பது உண்மையே. எனினும், மனித மனம் எப்போதும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. வாடிய முகத்துடன் அமர்ந்திருக்கும் தோழன், ‘ஒன்றுமில்லை’ என்கிறான். சொல்லை மட்டும் கேட்பவர் அகன்றுவிடுவார்; குறிப்பை உணர்ந்தவர் அவனருகில் அமர்வார். அவ்வேளையில் அவனுக்குத் துணையாவது அந்த உணர்வே.

இவ்வுணர்வை வளர்க்கும் பயிற்சிக்களம் இலக்கியம். ஒரு செய்யுள் சொல்லாமல் விட்டதைத் தேடும்போது, பிறர் மனத்தை அறியவும் பழகுகிறோம். பிறர் எழுதிய பாடக்குறிப்பு மதிப்பெண் பெற உதவலாம். அத்தேடலை நமக்காக அது செய்துவிடாது. ஆகவே, குறிப்பெடுப்பதோடு நில்லாமல் குறிப்பறியவும் கற்போம்.