பட்டைக்குத் தெரியாத தோல்

தலையில் வர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடியை மாட்டி, இல்லாத பள்ளத்தின் விளிம்பில் ஆளை நிறுத்துகிறார்கள். 'பயமா இருக்கா?' என்று அவரைக் கேட்டால் போதாதாம். மணிக்கட்டுப் பட்டை பச்சை வெளிச்சம் அடித்து நாடியை எண்ணுகிறது; விரலில் மாட்டிய இரண்டு தகடுகள் வியர்வையை அளக்கின்றன. கடைசியில் வருகிற எண்தான் பயம்.

அந்த எண்ணை எப்படிக் கணக்குப் போட்டது, யார் கையில் சோதித்துப் பார்த்தது? "அதெல்லாம் கம்பெனி ரகசியம் சார்!"

2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மிச்சிகன் டாக்டர்கள் ஒரு குட்டை உடைத்தார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தாக இறங்கியிருந்தும் ஆக்ஸிமீட்டர் 'பரவாயில்லை' என்று காட்டியது, வெள்ளையர்களைவிடக் கறுப்பர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. கொரோனாவில் நாமெல்லாம் விரலில் மாட்டிக்கொண்டு நிம்மதியடைந்த அதே சமாசாரம்தான்.

இப்போது கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குப் போங்கள். வெயிலில் கறுத்த தோல் பச்சை வெளிச்சத்தைக் கூடுதலாக விழுங்கும். மரவள்ளி பிடுங்கிக் காய்த்துப்போன விரலில் வியர்வைக் கணக்கு சரியாக வராது. 'இவருக்குப் பதற்றமே இல்லை' என்று பட்டை சொல்லும். எழுதிக்கொள்வார்கள்.

விளையாட்டு விஷயமில்லை. தீக்காயக்காரர்களின் வலியைக் குறைக்க அமெரிக்காவில் இந்தக் கண்ணாடியை மாட்டிப் பல வருஷமாகிறது. கள்ளக்குறிச்சியிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாளைக்கு அங்கே இந்த வைத்தியம் வந்து, 'வலி இறங்கிடுச்சு'ன்னு பட்டை சொன்னால், 'இல்லீங்க, வலிக்குது' என்கிற ஆள் பேச்சு எடுபடுமா?

சர்க்யூட், புரோகிராம் எல்லாவற்றையும் ஊரறிய வைக்கிற ஓப்பன் ஸோர்ஸ் சென்சார்கள் இருக்கின்றன. டெல்லியில் அப்ஸைட் டௌன் லேப்ஸ்காரர்கள் இதயம், தசை, கண், மூளை சிக்னல்களைப் பிடிக்க விரலகலத்தில் ஒரு போர்டு செய்து, அதன் வரைபடத்தையும் வெளியிட்டிருக்கிறார்கள். இதுவும் தப்புப் பண்ணும். ஆனால் தப்பு எங்கே என்று திறந்து பார்க்கலாம். பச்சைக்குப் பதில் இன்ஃப்ராரெட் போடலாம், தகடுகளை விரலிலிருந்து பாதத்துக்கு மாற்றலாம். பூட்டிய பெட்டியில் என்னத்தை மாற்றுவது?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கி பைண்டிங் போட்டுக் கொடுக்கிற பிள்ளைகளைத் திட்டுகிறோம். பூட்டிய பெட்டியை லட்சக்கணக்கில் வாங்கி, அது துப்பிய எண்ணைக் கட்டுரையில் ஒட்டுகிற பேராசிரியர் மட்டும் என்ன செய்கிறாராம்?

கண்ணாடியை வேண்டுமானால் வாங்கித் தொலையுங்கள். பட்டையையாவது இங்கே செய்யுங்கள். சோதித்துப் பார்க்க முதல் ஐம்பது பேரை வெள்ளிமலையில் தேடுங்கள். சம்மதம் கேட்டு, அன்றைக்குப் போகிற கூலியையும் கொடுத்து.